யன்னல் சீலையில் தைத்த சிறகு



சென்ற மாதம் இந்த முற்றத்தில் நுண்கடனைப் பற்றிப் பேசினோம். பலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். கடன் கதை இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாதம் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொரு கதை சொல்ல ஆசைப்படுகிறேன். இது பறக்கிற கதை. பறந்தது ஒரு களிமண் பொம்மை. சிறகு கடதாசி.

வன்னியில் ஒரு காலம் வானத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளையே இருக்கவில்லை. சத்தத்தை வைத்தே கிபிர் எது, ஹெலி எது, வேவு பார்க்கிற வண்டு எது என்று மூன்று வயதுப் பிள்ளை சொல்லும். அம்மா கூப்பிட முதலே பங்கருக்குள் குதித்துவிடும். 2009 மேயில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வானம் வெறும் வானம்தான். ஆனால் அவர்களைப் பெற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரே முற்றத்தில் ஒரே வானத்தைத் தாய் ஒரு விதமாகவும் மகள் இன்னொரு விதமாகவும் பார்க்கிறார்கள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் ஒரு கடதாசிச் சிறகு வந்து மாட்டிக்கொண்ட கதைதான் இது.

நான் வேலை செய்யும் கிராமங்களில் ஒன்றில் ஓய்வு பெற்ற விஞ்ஞான மாஸ்ரர் ஒருவர் இருக்கிறார். மாலை நேரத்தில் வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். 2024 தை மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு யப்பானில் நடக்கிற ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டின் மிகப் பெரிய ஏரி பிவா. அதன் கரையில் ஹிகோனே என்ற ஊர். ஏரிக்குள் 10 மீற்றர் உயரத்தில் ஒரு மேடை கட்டுவார்கள். தாங்களே செய்த சிறகோடு ஆட்கள் அந்த மேடையில் ஓடிவந்து குதிப்பார்கள். 'பறவை மனிதர்' போட்டி என்று அதற்குப் பெயர். 1977இல் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் குழுக் குழுவாக வருவார்கள். மாதக்கணக்காகக் கண்விழித்துச் செய்த சிறகு சிலவேளை மேடையை விட்டதும் நேரே தண்ணீருக்குள் போய்விடும். சிலருடையது நூற்றுக்கணக்கான மீற்றர் மிதந்து போகும். சைக்கிள் போலக் காலால் மிதித்துப் பறக்கிற பிரிவும் உண்டு. அதில் 2019இல் ஒருவர் 60 கிலோமீற்றர் பறந்தார்.

“தண்ணிக்குள்ள விழுந்த பிள்ளையள் என்ன செய்வினம் சேர்?” என்று ஒரு பெடியன் கேட்டான்.

“அழுவினம். பிறகு உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுத்த வருசத்துக்குச் செய்யத் தொடங்குவினம்.”

அப்படித்தான் எங்கள் போட்டிக்கு விதை விழுந்தது. மனிதர் தொங்கிப் பறக்க எங்களிடம் வசதியும் இல்லை, அது பாதுகாப்பும் இல்லை. ஆகவே சிறிய கிளைடர் செய்து அதில் ஒரு களிமண் பொம்மையைத் தொங்கவிடுவது என்று முடிவானது. மாஸ்ரர் சட்டங்களை எழுதினார். சிறகு கடதாசியாகவே இருக்க வேண்டும். பொலித்தீன் கூடாது. சட்டத்துக்கு மூங்கில், ஈர்க்கு, கமுகஞ் சிலாகை எதுவும் பாவிக்கலாம். பொம்மை ஒரு தீப்பெட்டி அளவு களிமண்ணில், சூளையில் வைக்காமல் வெயிலில் மட்டும் காயவைத்ததாக இருக்க வேண்டும். குளக்கட்டில் நின்று கீழே வயல் பக்கம் விடவேண்டும். ஆளுக்கு மூன்று தரம். எவ்வளவு தூரம் போனாலும் பொம்மை உடைந்தால் அந்தத் தூரம் கணக்கில் இல்லை.

பெயர் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். நானும் கொப்பியில் கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினேன். இடது பக்கம் “செய்து பறக்கவிடுவோர்”. வலது பக்கம் “ஒட்டுதல், நிறந்தீட்டுதல்”. எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது பின்வரிசையில் இருந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள்.

“மிஸ், பெட்டையள் எல்லாரையும் ஏன் வலப்பக்கம் எழுதினீங்கள்?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சமூகவியல் பட்டம் படித்தவள் நான். பால்நிலை வேலைப்பிரிவினை பற்றிக் கிராமம் கிராமமாகப் பயிற்சிப் பட்டறை நடத்துபவள் நான். அந்தப் பட்டியலை எழுதிய கையும் என்னுடையதுதான். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. பேனை தானாகவே போனது. சகோதரிகளே, இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்கு என் கையே எனக்குக் காட்டியது. தாளைக் கிழித்துவிட்டு எல்லோர் பெயரையும் ஒரே வரிசையில் எழுதினேன்.

கேள்வி கேட்ட பிள்ளையின் தாயை எனக்கு எங்கள் சேமிப்புக் குழுவில் ஏற்கெனவே தெரியும். தையல் வேலை செய்கிறார். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மெசினில் ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையெல்லாம் அவர்தான் தைப்பது. 2009 தையில் விமானக் குண்டுவீச்சில் கணவர் இறந்தபோது அவர் வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை பிறந்தது வவுனியாவில், முகாம் வாழ்க்கையில். தகப்பனைப் படத்தில்கூடப் பார்க்காத பிள்ளை. இருந்த படங்கள் எல்லாம் ஓட்டத்தில் போய்விட்டன.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு மத்தியானம் அந்த அக்கா வாசிகசாலைக்கு வந்தார். கையில் நொறுங்கிய கடதாசியும் முறிந்த சிலாகையும்.

“தங்கச்சி, இது உங்கட வேலையோ?”

பிள்ளை தாய்க்குத் தெரியாமல் அயல் வீட்டில் வைத்துச் செய்திருக்கிறாள். பிறகு கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாள். கூட்டும்போது தாய் கண்டுவிட்டார். கண்டதும் காலால் மிதித்திருக்கிறார். பிள்ளை இரண்டு நேரம் சாப்பிடவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பயத்தைப் பிள்ளைக்குக் கடத்தக் கூடாது, உங்களுடைய அனுபவம் வேறு, அவளுடைய காலம் வேறு, உளவளத்துணைக்கு ஒருமுறை வந்தால் நல்லது என்று. அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

“நீங்கள் படிச்சதைச் சொல்லுறியள் தங்கச்சி. நான் கண்டதைச் சொல்லுறன். மேல இருந்து விழுந்தது ஒண்டும் எங்களுக்கு நல்லதைக் கொண்டுவரேல்லை. பறக்கிற சாமான் ஒண்டும் என்ர வளவுக்குள்ள வேண்டாம். ஹெலி போனா நான் இப்பவும் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடுறன். உவளுக்கு அது சிரிப்பாக் கிடக்கு.”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கும்போது மேசையில் மாஸ்ரர் பிள்ளைகளுக்காகப் பிரதி எடுத்து வைத்திருந்த ஒரு படம் கிடந்தது. முக்கோணச் சிறகு ஒன்றின் படம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயத்தோடு பார்த்ததாகத் தெரியவில்லை. தைக்கக் கொடுத்த துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உதில துணி சட்டத்தைவிடக் கூடக் கிடக்கு. அளவு பிழைச்சுப் போச்சோ?”

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. அது பிழை இல்லை அக்கா, வேண்டுமென்றே தளர்வாக விட்டது என்றேன். மாஸ்ரர் எனக்குச் சொல்லித் தந்திருந்ததை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்தில் பிரான்சிஸ் ரொகல்லோ என்று ஒரு பொறியியலாளர். அவருடைய மனைவி கேட்றூட் ரொகல்லோ. அவர் அரசாங்க விமான ஆய்வுகூடத்தில் வேலை. மடித்து வைக்கக்கூடிய துணிச் சிறகு ஒன்று செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். அலுவலகத்தில் யாரும் அக்கறை காட்டவில்லை. ஆகவே புருசனும் மனைவியுமாக வீட்டிலேயே தொடங்கினார்கள். ஒரு மின்விசிறியை வைத்து வீட்டுக்குள்ளேயே காற்றுப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்தார்கள். 1948இல் முதலாவது சிறகு உருவானது. துணிக்கு எங்கே போவது? குசினி யன்னலில் தொங்கிய பூப்போட்ட சீலையை எடுத்தார்கள். கேட்றூட் அதை வெட்டித் தைத்தார். 1951இல் அவர்கள் இருவர் பெயரிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு விண்வெளிக்குப் போன கலங்களைப் பத்திரமாகத் தரையிறக்க உதவுமா என்று பார்க்க நாசா நிறுவனம் அந்தச் சிறகைப் பரிசோதித்தது. 1963இல் அவுஸ்திரேலியாவில் கிராப்ரன் என்ற ஊரில் ஜோன் டிக்கென்சன் என்பவர் அந்தச் சிறகின் படத்தைப் பார்த்து, ஆள் தொங்கிப் பறக்கிற கிளைடர் ஒன்றைச் செய்தார். அவர் பாவித்தது வாழைக்குலையை மூடுகிற பிளாஸ்ரிக் உறை. இன்றைக்கு உலகமெங்கும் மலைகளில் இருந்து ஆட்கள் தொங்கிப் பறக்கிற கிளைடர்களின் வரலாறு அந்தக் குசினிச் சீலையைத் தொட்டுத்தான் வருகிறது.

“மனிசிதான் தைச்சதோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா.”

“அதுதான் தளர்வு விட்டிருக்கு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நொறுங்கிய கடதாசியை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போகாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தளர்வில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ரொகல்லோ சிறகில் மூன்று சிலாகைகள் மூக்கில் ஒன்றாகச் சேரும். இரண்டு பக்கத்துக்கு இரண்டு, நடுவில் ஒன்று. துணியை இறுக்கி இழுத்துக் கட்டினால் அது வெறும் தட்டுப் பலகை. சட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் காற்றுப் பட்டதும் நடுச் சிலாகையின் இரண்டு பக்கமும் கூடாரம்போல் ஊதி நிற்கும். அந்த வளைவுதான் சிறகைத் தூக்குகிறது. சட்டைக் கைக்குச் சுருக்குப் பிடிக்கும்போது எவ்வளவு விடவேண்டும் என்று தையல்காரிக்கு விரலில் கணக்கு இருக்குமே, அதே கணக்குத்தான் இதற்கும் வேண்டும். கூட விட்டால் படபடத்து அடிக்கும். குறைய விட்டால் மிதக்காது.

இன்னொரு விடயம் பாரம். எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டம் தெரியும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியைப் பார்க்க வன்னியில் இருந்தும் போகிறார்கள். கப்பல், தேர், விமானம் என்று விதம்விதமாக ஏற்றுவார்கள். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், வெளவால் பட்டம், அதில் பூட்டுகிற விண் எல்லாம் எங்கள் பெடியளுக்கு அத்துப்படி. பட்டத்தில் முச்சை சரியாக விழுந்தால்தான் ஏறும். ஆனால் கிளைடருக்கு நூல் இல்லை. பிறகு என்ன அதைப் பிடித்து வைத்திருக்கிறது?

மாஸ்ரர் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கினார்: “பட்டத்துக்கு நூல் எப்படியோ, கிளைடருக்குத் தொங்கிற ஆளின்ர பாரம் அப்படி. பாரம் முன்னுக்குப் போனா மூக்குக் குனிஞ்சு வேகமாப் போகும். பின்னுக்குப் போனா மூக்கு நிமிர்ந்து வேகம் குறையும். மெத்தப் பின்னுக்குப் போனா அந்தரத்தில நிண்டு விழும். இடப்பக்கம் சரிஞ்சா இடப்பக்கம் திரும்பும். பொம்மையை எங்க கட்டுறது எண்டதிலதான் முழு வித்தையும் இருக்கு.”

“பாரம் இல்லாட்டி லேசாப் பறக்கும்தானே சேர்?”

“இல்லை. பிரண்டு போகும்.”

பிள்ளைகள் செய்து செய்து பார்த்தார்கள். சோற்றுப் பசை காய்ந்து வெடித்தது. விளாம்பிசின் பிடித்தது. கொப்பி ஒற்றை பாரமாக இருந்தது. பத்திரிகைத் தாள் கிழிந்தது. கடைசியில் பட்டத்துக்கு ஒட்டுகிற மெல்லிய கலர்க் கடதாசியைத்தான் பலர் எடுத்தார்கள். மிதிபட்ட கிளைடரின் சொந்தக்காரி ஒரு நாள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். கடதாசி ஒரு ஒழுங்கான தளர்வோடு வெட்டப்பட்டிருந்தது. விளிம்பெல்லாம் மடித்துச் சணல்நூலை உள்ளே ஓடவிட்டு ஒட்டியிருந்தது. பாவாடைக்கு நாடா ஓட்டுகிற மாதிரி.

“ஆர் வெட்டித் தந்தது?” என்று கேட்டேன்.

“அம்மா. ஆனா நான் செய்தனெண்டுதான் சொல்லச் சொன்னவ.”

பழைய காலத்து ஒரு மனிதரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். யப்பானில் ஒகயாமா நகரில் உகிதா கோகிச்சி என்று ஒருவர் இருந்தார். சிறுவயதில் தகப்பனை இழந்தவர். கதவுத் தட்டிகளுக்கும் ஓவியச் சுருள்களுக்கும் கடதாசி ஒட்டுவது அவருடைய தொழில். புறாக்களைப் பிடித்துச் சிறகுக்கும் உடம்புக்கும் எவ்வளவு விகிதம் என்று அளந்து பார்த்தாராம். மூங்கிலும் கடதாசியும் வைத்துச் சிறகு செய்து 1785இல் ஆற்றுப் பாலத்தில் இருந்து பறக்க முயன்றார் என்று சொல்கிறார்கள். அதற்குக் கிடைத்த பரிசு ஊரை விட்டுத் துரத்தியதுதான். சனம் பயந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. ஜேர்மனியில் ஒட்டோ லிலியந்தால் என்பவர் 1891 முதல் மெல்லிய வளையும் தடிகளில் பருத்தித் துணி கட்டி ஏறத்தாழ 2000 தடவை மிதந்து பார்த்தார். 1896இல் விழுந்து இறந்தார். பறப்பது என்றால் விழுவதும் அதில் அடங்கும். அந்த அக்காவின் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

போட்டி நடந்தது மாசியில். அரிவு வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. வெயில் ஏற முதல், காற்று அடங்கியிருக்கும் நேரம் பார்த்துக் காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பதினொரு கிளைடர். ஏழு பெடியள், நாலு பெட்டையள். ஊரில் பாதிச் சனம் குளக்கட்டில்.

முதல் சுற்றில் அநேகமாக எல்லாம் மூக்கில் குத்தின. ஒரு பெடியனின் கிளைடர் திரும்பி வந்து அவனுடைய தலையிலேயே இருந்தது. சனம் சிரித்தது. எங்கள் பிள்ளையுடையதும் கட்டின் சரிவிலேயே விழுந்தது. அவள் ஓடிப்போய் எடுத்து, பொம்மையைக் கட்டிய நூலை ஒரு விரல்கடை பின்னுக்குத் தள்ளினாள்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். வயல் வரம்பில், பூவரசு வேலியோரம், குடையும் பிடித்துக்கொண்டு அந்த அக்கா நிற்கிறார். கட்டுக்கு ஏறவில்லை. எல்லோரும் மேலே இருந்து பார்க்க, அவர் ஒருவர்தான் கீழே, விழுகிற பக்கத்தில் நின்றார்.

இரண்டாம் சுற்றில் பிள்ளை இரண்டடி ஓடி விட்டாள். சிறகு ஒருமுறை தயங்கியது. பிறகு ஊதி நிமிர்ந்தது. சிவப்புக் கடதாசி வெயிலில் மினுங்க, கீழே பொம்மை மெல்ல ஆட, வயலுக்கு மேலால் போனது. சத்தம் இல்லை. அதுதான் எனக்கு இப்போதும் நினைவில் நிற்கிறது. மேலே ஒன்று போகிறது, சத்தமே இல்லை. அக்கா குடையை மடக்கினார். தலையை நிமிர்த்தி, அது தன்னைக் கடந்து போகிற வரைக்கும் பார்த்தார். போய் விழுந்ததும் முதலில் அதனிடம் போனவரும் அவர்தான்.

22 கவடு. மூன்றாம் சுற்றில் அவ்வளவு போகவில்லை. ஒரு பெடியன் 27 கவடு போய் முதலிடம் எடுத்தான். அவனுடைய பொம்மையும் முழுசாக இருந்தது. இன்னும் இரண்டு பேர் 22ஐத் தாண்டினார்கள். ஒருவருடைய பொம்மைக்குக் கழுத்துப் போய்விட்டது. மற்றவருடையதற்குக் கை. ஆகவே எங்கள் பிள்ளைக்கு இரண்டாம் இடம். பரிசு ஒரு கணிதக் கருவிப் பெட்டி.

பரிசைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டுக்கு ஏறி வந்தார்.

“தங்கச்சி, பாருங்கோ. ஒரு கீறலும் இல்லை.”

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. மேலே இருந்து வந்த ஒன்று ஒருவரையும் காயப்படுத்தாமல் மண்ணில் இறங்கியதைப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சகோதரிகளே, இத்தோடு அவருடைய பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த மாதமே ஒரு ஹெலி போனபோது அவர் மெசினை விட்டு எழும்பி ஓடியதாக மகள் சொன்னாள். “ஆனா மிஸ், இந்த முறை நான் சிரிக்கேல்லை. நானும் அவவோட போய் நிண்டனான்” என்றாள். எனக்கு அந்த வசனம் போட்டியைவிடப் பெரிதாகப் பட்டது. தாய் மகளின் சிறகை வெட்டிக் கொடுத்தார். மகள் தாயின் பயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என் பட்டப்படிப்பிலும் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு நீளமான பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்கள் இல்லாமலே அவர்கள் இருவரும் இதைச் செய்தார்கள்.

என்னிடம் இருந்த தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு நான் அவருக்குப் புத்தி சொன்னேன். பயப்படுகிற ஒருவருக்குப் “பயப்படாதே” என்று சொல்வது சுலபம். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவருக்குத் தெரிந்த வேலையின் பக்கமாக ஒரு கதவு திறந்தது. அவர் தானாகவே அதற்குள் வந்தார். உங்கள் அயலில் இப்படி ஒருவர் இருந்தால் அவருடைய கைக்கு என்ன வேலை தெரியும் என்று முதலில் பாருங்கள். தையலோ, பாய் இழைப்பதோ, தோட்டமோ, எதுவாகவும் இருக்கலாம். அதோடு, நித்திரை வராமல், சாப்பிட முடியாமல், நாளாந்த வேலையே செய்ய முடியாமல் பயம் நீடித்தால் வைத்தியசாலையில் உளநலப் பிரிவை நாடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு போட்டி நடத்த விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள்.

பெயர்ப் பட்டியலை ஒரே வரிசையில் எழுதுங்கள். செய்கிற பிள்ளைதான் பறக்கவிட வேண்டும். அது பெட்டையாக இருந்தாலும் பெடியனாக இருந்தாலும்.

இடத்தை முதலே பாருங்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை முழுவதும் முடிந்துவிட்டது என்று எந்தக் காணியையும் நாமாக நினைக்கக் கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம், பாவிக்காத பற்றைக் காணி, இரண்டும் வேண்டாம். பறந்து போன சாமானைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று யோசித்து, வருடா வருடம் உழுது விதைக்கிற வயலைத் தெரிவு செய்யுங்கள். மின்சாரக் கம்பிக்குக் கிட்டவும் வேண்டாம்.

ஆட்கள் தொங்குகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றிய இளைஞர் ஒருவர் கயிற்றோடு மேலே இழுபட்டுப் போனதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அவர் உயிர் தப்பினார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. தொங்குகிற வேலையைப் பொம்மை செய்யட்டும்.

கடைசியாக, பொம்மை உடையக் கூடாது என்ற சட்டத்தை விட்டுவிடாதீர்கள். தூரத்தை மட்டும் அளந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் வேகமாக எறிவதை மட்டும்தான் பழகியிருப்பார்கள். எப்படி இறங்குவது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடமும் மாசியில் போட்டி நடந்தது. அந்தப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பதால் பங்குபற்றவில்லை. ஆனால் போட்டிக்கு முதல் நாள் தாய் வீட்டுத் திண்ணையில் ஐந்து பெட்டையள் கூடி இருந்தார்கள். அக்கா கத்தரிக்கோலோடு நடுவில் இருந்தார்.

“இறுக்கி இழுக்காதை பிள்ளை. கொஞ்சம் விட்டுப் பிடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் செய்து பார்த்தால் எனக்கு எழுதுங்கள். எத்தனை கவடு போனது என்பதோடு பொம்மை சுகமாக இறங்கியதா என்பதையும் எழுத மறக்க வேண்டாம். அடுத்த மாதம் கடன் அட்டைகளோடு மீண்டும் இந்த முற்றத்தில் சந்திப்போம்.